மற்றது ஒரு கழஞ்சு

அம்மாவின் கொப்பியில் பதினேழாம் பக்கத்தில் அம்மப்பாவின் நோவெண்ணெய் இருக்கிறது. நல்லெண்ணெய் இரண்டு போத்தல், ஆமணக்கெண்ணெய் ஒரு போத்தல், நொச்சியிலைச் சாறு ஒரு போத்தல். அதன் கீழே அரைத்துப் போடும் சரக்குகள்: வேர்க்கொம்பு, உள்ளி, சிற்றரத்தை, கராம்பு, பறங்கிப்பட்டை, வெள்ளைப்போளம். ஒவ்வொன்றுக்கும் நேரே கழஞ்சுக் கணக்கு. கடைசி வரி இப்படி முடிகிறது: "மற்றது ஒரு கழஞ்சு."

மற்றது எது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஐயா அதைச் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை" என்றார்.

ஒரு கழஞ்சு என்றால் ஐந்து கிராமுக்குச் சற்று மேல். அந்த ஐந்து கிராமைப் பற்றித்தான் இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரசாயனவியல் படித்து, அதையே பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தவள் நான்.

அம்மப்பா வேலணையில் பரியாரியார். பெருங்குளத்துப் பக்கம் எங்கள் வளவு. விடிய ஐந்து மணிக்கே படலையில் ஆட்கள் நிற்பார்கள். மண்டைதீவில் வலை இழுத்துத் தோள்மூட்டுப் பிசகியவர், புகையிலைத் தோட்டத்துக்குத் துலா மிதித்து நாரி பிடித்தவர், பனையிலிருந்து வழுக்கித் தப்பியவர் என்று வருவார்கள். தீவில் உடம்பால் உழைக்காத சனம் குறைவு. ஆகவே தீவின் முதல் நோய் நோதான்.

'வலி' என்ற சொல்லை நாங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. அது எங்கள் பேச்சில் வேறு பொருளுக்குப் போய்விட்டது, கைகால் இழுக்கும் வலிக்கு. எங்களுக்கு 'நோ'. அந்த ஒற்றை எழுத்தை அம்மப்பா அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார்.

"நோ எண்டால் எப்பிடி மோனை? குத்துதோ, உளையுதோ, கடுக்குதோ, இழுக்குதோ, விறைக்குதோ?"

குத்து என்றால் ஒரு மருந்து, உளைவு என்றால் வேறொன்று. இரவில் கூடுகிறதா, எழும்பி நடந்தால் குறைகிறதா, சூடு பட்டால் சுகமா, குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஏறுகிறதா என்று அடுத்தடுத்துக் கேட்பார். பதில் சொல்லிச் சொல்லியே வந்தவருக்குப் பாதி நோ ஆறிவிடும் என்று அம்மா சொல்லுவார். சீன வைத்தியர்களின் முறையைப் படித்தபோது நான் திடுக்கிட்டது இந்த இடத்தில்தான். அவர்களும் உப்பிக்கொண்டு நோவது, ஊசியாய்க் குத்துவது, குளிரில் நோவது என்று பிரித்தே மருந்து தேர்கிறார்கள். ஓட்டம் இருக்கும் இடத்தில் நோ இல்லை, ஓட்டம் தடைப்பட்ட இடத்தில்தான் நோ என்பது அவர்களின் அடிப்படை. அம்மப்பா அதை "வாயு அடைபட்டுப் போச்சு" என்பார்.

அவருடைய மருந்தில் பாதி வேலியிலும் வளவிலும் நின்றது. நொச்சியை வேலிக்கே நட்டிருந்தார்கள். இலையை அவித்து ஆவி பிடிப்பது, தலையணைக்குள் வைத்துப் படுப்பது, சாறெடுத்து எண்ணெய் காய்ச்சுவது எல்லாம் தலையிடிக்கும் மூட்டுநோவுக்கும். எருக்கலை இலையில் எண்ணெய் தடவி வாட்டி முழங்காலில் கட்டுவார்கள். முடக்கொத்தான், வாதமடக்கி, பாவட்டை, பிரண்டை எல்லாம் அள்ளி வரும் தூரத்தில். சூத்தைப்பல்லுக்குக் கண்டங்கத்தரி விதையின் புகை. நொச்சியின் நெருங்கிய இனத்துக் காய்களைச் சீன வைத்தியர்கள் தலையிடிக்குத்தான் கொடுக்கிறார்கள். இங்கே இலை, அங்கே காய். நோ ஒன்று.

மற்றப் பாதி கடல் கடந்து வந்தது. பெரியகடையில் மருந்துச் சரக்கு வாங்கி வருவது மாதத்துக்கு ஒருமுறை அம்மப்பாவின் யாழ்ப்பாணப் பயணம். திரும்பி வந்ததும் பனையோலைப் பெட்டிகளில் பிரித்துப் போடுவார். சிறுபிள்ளையாக அந்தப் பெட்டிகளை மணந்து பார்ப்பது எனக்கு விளையாட்டு. வேலணையில் ஒரு பெட்டிக்குள் மூக்கை விட்டால் மொலுக்காக் கடல் மணக்கும், அடுத்ததற்குள் அரபுக் கரை. அப்போது அது தெரியாது. கராம்பு மொலுக்காத் தீவுகளின் பூமொட்டு. வெள்ளைப்போளம் சோமாலியா, அரபுக் கரைகளின் மரப்பிசின். பறங்கிப்பட்டையும் சிற்றரத்தையும் சீனத்துக் கிழங்குகள்.

ஒதுங்கிய தீவு என்று எங்களைச் சொல்பவர்கள் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டைப் பார்க்கவேண்டும். 12 ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்த ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் அதை வாசித்து வெளியிட்டார். ஊராத்துறைக்குப் பரதேசிகள், அதாவது பிறநாட்டார், வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. ஆனையும் குதிரையும் கொண்டு வரும் மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்குக் கொண்டு வரும் மரக்கலம் கெட்டால் சரிபாதி. ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறை. எங்கள் வேலணைத் தீவின் மேற்குத் துறை. கப்பல் உடைவதற்கே சட்டம் எழுதவேண்டிய அளவுக்குக் கப்பல் வந்த இடம்.

அந்தக் கப்பல்களில் சீனத்துச் சரக்கும் இருந்தது என்பதற்குக் கல்வெட்டைவிடக் கெட்டியான சாட்சி எங்கள் தீவின் கிழக்கு முனையில், அல்லைப்பிட்டி மணலில் கிடந்தது. 1970களில் ஜோன் கார்ஸ்வெல் அங்கே சொங் அரசர் காலத்துச் சீன மட்பாண்டங்களைக் கண்டார். 2018 இல் சாங்காய் அருங்காட்சியகத்தின் அகழ்வாளர்கள் மத்திய கலாசார நிதியத்தோடு சேர்ந்து அதே இடத்தைத் தோண்டினார்கள். 11 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியும் 12 இன் தொடக்கமும் என்று காலம் கணித்தார்கள். கிண்ணங்கள், கோப்பைகள், சாடிகள். பெரும்பகுதி தென்சீனத்துக் குவாங்டொங் சூளைகளில் சுட்டவை.

சிற்றரத்தை அதே குவாங்டொங்கின் செடி. சீனத்தில் அதற்கு 'கௌலியாங் இஞ்சி' என்று பெயர். கௌலியாங் என்பது அந்த மாகாணத்தின் பழைய ஊர்ப்பெயர். அங்கே அதைக் குளிரால் வரும் வயிற்றுநோவுக்குக் கொடுப்பார்கள். எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சும் காயச்சரக்கில் சிற்றரத்தை இல்லாமல் இருக்காது. அடிவயிற்று உளைவுக்கும் குளிர் பிடிக்காமல் இருக்கவும் என்று அம்மம்மா சொல்வார். இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து ஒரு கிழங்கு மட்டும் வரவில்லை. அதை எதற்குக் கொடுப்பது என்ற அறிவும் கூடவே வந்தது, அல்லது இரண்டு சனமும் தனித்தனியே அதைக் கண்டுகொண்டது. எப்படி என்றாலும் என் மதிப்பு கூடுகிறதே ஒழியக் குறையவில்லை.

பறங்கிப்பட்டையின் கதை தெளிவாகப் பதிவானது. பெயரில் பறங்கி என்று இருந்தாலும் அது போர்த்துக்கேயரின் நாட்டில் முளைப்பதல்ல. சீனத்திலிருந்து 1535 அளவில் கோவாவுக்கு வந்தது என்று அங்கே இருந்த வைத்தியர் கார்சியா த ஓர்த்தா 1563 இல் அச்சிட்ட தன் நூலில் எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் ஐந்தாம் சார்ள்ஸ் பேரரசர் கீல்வாத நோவுக்கு அதன் கஷாயம் குடித்தார். உடற்கூற்றியலின் தந்தை என்று நாம் படிப்பிக்கும் வெசாலியஸ் 1546 இல் அந்தக் கிழங்கைப் பற்றியே ஒரு கடித நூல் எழுதினார். பறங்கியர் கப்பலில் வந்ததாலும், பறங்கிப்புண்ணுக்கு மருந்தானதாலும் எங்களுக்கு அது பறங்கிப்பட்டை. அம்மப்பா அதைப் பால் ஊற்றிப் பிட்டவியல் செய்து, வெயிலில் காயவைத்து இடிப்பார். பிட்டு அவிக்கும் பானையிலேயே மருந்தும் அவியும். எந்த அரசரின் கீல்வாதத்துக்குக் கொடுத்த கிழங்கு அது என்று அம்மாவுக்கும் தெரியாது, அதைத் தடவிக்கொண்டு வலைக்குப் போனவருக்கும் தெரியாது.

வெள்ளைப்போளம் எதிர்த்திசையில் போனது. அரபுக் கரையிலிருந்து எங்கள் கடலைத் தாண்டிச் சீனத்துக்கு. அடிபட்ட நோவுக்கு வெள்ளைப்போளத்தையும் குந்திருக்கத்தையும் சேர்த்துத்தான் சீனத்தார் கொடுக்கிறார்கள். 1996 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் இத்தாலிய ஆய்வாளர்கள், வெள்ளைப்போளத்தில் உள்ள ஒரு சேர்வை மூளையில் அபின் சேரும் அதே ஏற்பிகளில் சேருகிறது என்று காட்டினார்கள். அந்தச் செய்தியை வாசித்த அன்று கொப்பியை எடுத்து வெள்ளைப்போளம் என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

இனி அந்த 'மற்றது'.

எண்ணெய் காய்ச்சும் நாளில் அம்மாதான் அடுப்படியில். அம்மப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. அவர் சொல்லச் சொல்ல அம்மா போடுவார். அப்படிச் சொன்னதுதான் கொப்பியில் எழுதப்பட்டது. எண்ணெய் திரண்டு மெழுகுபதம் வரும் நேரம் "பிள்ளை, ஒரு வாளி தண்ணி அள்ளிக்கொண்டு வா" என்று அம்மாவைக் கிணற்றடிக்கு அனுப்பிவிடுவார். அம்மா திரும்பி வரும்போது வேலை முடிந்திருக்கும். மடியில் இருந்த சிமிழ் திரும்பவும் மடிக்குள் போயிருக்கும்.

மூன்று பொருளில் ஒன்றாகத்தான் அது இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். ஊமத்தை, அபின், நாபி. மூன்றும் நோவை அடக்குபவை, மூன்றும் ஆளைக் கொல்பவை, மூன்றையும் பரியாரிகள் பெயர் சொல்லாமல்தான் வைத்திருப்பார்கள்.

ஊமத்தை என்றால் மறைக்கத் தேவையில்லை. அது வேலிக்கு வெளியே தானாக முளைத்து நின்றது. பூப்பறிக்கப் போகிற பிள்ளைகளை அதட்டி விலக்குவதுதான் எங்கள் வீட்டு வேலை.

அபின் அப்படியல்ல. அதற்கு அரசாங்கம் குறுக்கே நின்றது. 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் அபினைப் பூட்டுக்குள் வைத்தது. சுதேச வைத்தியர்களுக்கு அனுமதியோடு, அளந்து கிடைக்க வழி விட்டிருந்தது. அனுமதி பெற்ற பரியாரி அதை ஒளிக்கவேண்டியதில்லை. எழுத்தும் கணக்கும் இருக்கும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு கடதாசி இருந்ததாக அம்மாவுக்கு நினைவில்லை. அபினைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜெர்மனியில் மருந்துக்கடைப் பயிலுநராக இருந்த சேர்ட்யூனர் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதிலிருந்து மோர்பீனைப் பிரித்தெடுத்தார். தாவரத்துக்குள் ஒரு தனிப் பொருள்தான் வேலை செய்கிறது என்று உலகம் முதலில் கண்டது அதில். என் பாடம் தொடங்கிய இடம் அது. அதே நூற்றாண்டில் அபின் சீனத்தின் மேல் இரண்டு போராக இறங்கியதையும் மறக்க முடியாது. மருந்துப் பெட்டிக்குள் இருக்கவேண்டியது கப்பல் கணக்கில் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் இல்லை.

என் மனம் நாபியின் பக்கம்தான் சாய்கிறது. சிறுவயதில் முழங்கால் அடிபட்டபோது அந்த எண்ணெயை எனக்கும் பூசினார்கள். முதலில் எறும்பு ஊர்வதுபோல ஒரு சுணை. பிறகு அந்த இடம் மரத்துப்போகும். புண்ணில் படக்கூடாது, வாய்க்குக் கிட்டவும் கொண்டுபோகக்கூடாது என்று அம்மப்பா கத்துவார். பூசியவர் சாம்பல் போட்டுக் கைகழுவினாரா என்று கேட்டு, கையை மணந்தும் பார்ப்பார். ஊர்வது, பிறகு மரப்பது. நாபியின் கையெழுத்து அதுதான். நரம்பில் சோடியம் உட்செல்லும் வாயில்களை அது திறந்தபடி பிடித்துவைக்கும். நரம்பு முதலில் துடித்து, பின் ஓய்ந்துபோகும். அதே காரணத்தால் உள்ளே போனால் இதயத்தையும் நிறுத்தும். ஆங்கில வைத்தியத்திலும் ஒரு காலத்தில் நாபி சேர்ந்த பூச்செண்ணெய் இருந்தது.

நாபி இமயமலையில் வளர்வது. எங்கள் தீவில் ஒரு செடி கிடையாது. சீனத்தாரும் தங்கள் மலைகளில் உள்ள அதன் இனத்தைக் காலங்காலமாக மூட்டுநோவுக்குக் கையாள்கிறார்கள். இரண்டு பக்கத்து வைத்தியர்களும் ஒன்றில் கண்டிப்பு: சுத்தி செய்யாமல் தொடாதே. நம்மவர்கள் கோமூத்திரத்தில் ஊறவைத்து வெயிலில் வைப்பார்கள். அவர்கள் உப்புநீரில் ஊறவைத்து மணிக்கணக்காக அவிப்பார்கள். ஏன் என்று எனக்குப் பல்கலைக்கழகம் சொல்லித் தந்தது. நாபியின் நஞ்சு ஓர் எஸ்தர். நீரில் நீண்ட நேரம் சூடாகும்போது அந்தப் பிணைப்பு உடைந்து, நஞ்சு பல நூறு மடங்கு இறங்கிப்போகும். நோவடக்கும் குணத்தில் ஒரு பங்கு எஞ்சும். ஆய்வுகூடம் இல்லாத காலத்தில் இதைக் கண்டறிய எத்தனை பேர் உயிரைக் கொடுத்திருக்க வேண்டும் என்று நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. இதை வாசித்துவிட்டு யாரும் நாபி வாங்கிக் காய்ச்சப் புறப்படவேண்டாம். தோலின் வழியாகவும் அது ஆளை எடுக்கும். நானே காய்ச்சிப் பார்க்கவில்லை.

அம்மப்பா எழுதாமல் விட்ட இந்த இடத்தில் சீனத்தார் என்ன செய்தார்கள் என்று பார்க்கவேண்டும்.

அவர்களிடம் யான்ஹூசுவோ என்று ஒரு கிழங்கு உண்டு. கடலை அளவு, மஞ்சள் நிறம். உடம்பின் எந்த மூலையில் எந்த நோ என்றாலும் கேட்கும் என்ற பெயர் அதற்கு. லீ சிசென் 1578 இல் முடித்த, 1596 இல் நான்ஜிங்கில் அச்சான மூலிகைப் பெருநூலில் உள்ள 1,892 மருந்துப் பொருள்களில் இதுவும் ஒன்று. கிழங்கை வினாகிரியில் அவித்துப் பாவிப்பது பழைய வழக்கம். வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலம் கிழங்கின் அல்கலொயிட்டுகளை உப்பாக்கும். உப்பானால் கஷாயத் தண்ணீரில் நன்றாகக் கரையும். என் மாணவிகளுக்கு அமிலம், காரம், உப்புப் பாடத்தில் இதைச் சொல்லியிருக்கிறேன். கொப்பியின் வேறொரு பக்கத்தில் அம்மப்பா பற்றுமருந்து ஒன்றைக் கள்ளு வினாகிரியில் அரைக்கச் சொல்கிறார். சேர்ட்யூனரும் தெரியாமல், லீ சிசெனும் தெரியாமல்.

1920களின் இறுதியில் பீக்கிங்கில் ஜாவோ செங்கூ என்ற இரசாயனவியலாளர் அந்தக் கிழங்கின் அல்கலொயிட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவற்றில் ஒன்று சீனத்து மருத்துவமனைகளில் நோவடக்கும் மாத்திரையாகப் பல பத்தாண்டுகள் கொடுக்கப்பட்டது. 2014 இல் கலிபோர்னியாவின் ஒலிவியர் சிவெல்லி, தாலியான் நகரத்தின் லியாங் சின்மியாவ் ஆகியோரின் குழு அதே கிழங்கில் இன்னொரு சேர்வையைக் கண்டது. எலிகளில் திடீர் நோவையும், வீக்கத்தால் வரும் நோவையும், நரம்பு கெட்டு வரும் நோவையும் அது குறைத்தது. மோர்பீன் போலத் திரும்பத் திரும்பக் கொடுக்கும்போது வேலை செய்யாமல் போகவும் இல்லை. லீ சிசெனின் ஏட்டிலிருந்து தாலியானின் குப்பி வரை ஒரே கிழங்கு, ஒரே பெயர், இடையில் அறுபடாத எழுத்து.

சொல்ல நெஞ்சு நோகும் ஒன்று இருக்கிறது. சீனத்தில் மாத்திரையான அந்த அல்கலொயிட்டை நமது சீந்திற்கொடியின் வேரிலும் சிறிதளவு இருப்பதாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். எங்கள் கிணற்றடி வேம்பில் ஏறிப் படர்ந்த கொடி. அம்மப்பா அதை எந்த நோவுக்கு, என்ன சேர்த்துக் கொடுத்தார் என்பது கொப்பியில் இல்லை. அம்மாவுக்கும் தெரியாது.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் சீனத்திலேயே நடந்திருக்கிறது. ஹுவா தோ என்ற வைத்தியர், கி.பி. 208 இல் இறந்தவர். நோவு தெரியாமல் மயக்கி வயிற்றைக் கிழித்துத் தைத்தவர் என்று அந்நாட்டு வரலாறு சொல்கிறது. சிறையில் கொலைத் தண்டனைக்குக் காத்திருந்தபோது தன் மருத்துவச் சுருளைக் காவலாளியிடம் நீட்டினார். சட்டத்துக்குப் பயந்து அவன் வாங்கவில்லை. ஹுவா தோ நெருப்புக் கேட்டு வாங்கி அதை எரித்துவிட்டார். அந்த மயக்கமருந்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை ஆட்கள் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தார் எழுதாதவர்கள் என்று சொன்னால் பாவம். ஆரியச் சக்கரவர்த்திகளின் சிம்மாசனப் பெயர்களையே தாங்கிச் செகராசசேகரமும் பரராசசேகரமும் வைத்திய நூல்களாக நிற்கின்றன. பரராசசேகரத்தில் தலைநோய்களுக்கே ஒரு தனிப் பாகம். ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை ஊரூராக ஏடு தேடி, ஒப்பிட்டு, 1920களின் கடைசியிலும் 1930களிலும் அதைப் பாகம் பாகமாக அச்சேற்றினார். சரியாகப் பீக்கிங்கில் ஜாவோ செங்கூ கிழங்கைப் பிரித்துக்கொண்டிருந்த காலம். அதற்கும் முன்னே மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். 1847 இல் வந்தவர். அவர் தமிழில் ஆக்குவித்த 'கெமிஸ்தம்' 1875 இல் வெளிவந்தது. இரசாயனவியல் முழுவதும் தமிழில். ஒரு பக்கம் பரராசசேகரம், மறுபக்கம் கெமிஸ்தம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து ஒரு தலைமுறை உட்கார்ந்திருந்தால், சீந்திலின் வேரை நாங்களே பிரித்துப் பார்த்திருப்போம். அந்த மேசையை யாரும் போடவில்லை என்பது என் மனக்குறை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் பிரிவு 1984 இல்தான் தொடங்கியது. தொடங்கிய நேரமும் எங்கள் நாட்டில் நல்ல நேரமல்ல.

அச்சேறியது அரசரின் பெயர் தாங்கிய பெருநூல். பரியாரி வீட்டுக் கைமுறைகள் அச்சேறவில்லை. அவை ஏட்டில் பாதி, வாயில் பாதி. செய்பாகத்தின் முக்கியமான முடிச்சு எப்போதும் வாயில்தான். அம்மப்பாவைக் கல்நெஞ்சர் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. பணம் வாங்காத நாட்களே அதிகம். அரிசியோ மீனோ கொண்டுவந்து திண்ணையில் வைப்பார்கள், அவ்வளவுதான். நஞ்சு தவறான கையில் போய்விடும் என்று பயந்தார். அது நியாயமான பயம். அந்தப் பயத்துக்குச் சுத்தி முறையை விளக்கி எழுதுவது ஒரு பதில், வாயை மூடிக்கொள்வது இன்னொரு பதில். அவருடைய காலத்தில் எல்லாரும் தேர்ந்த பதிலைத்தான் அவரும் எடுத்தார். அது பிழை. அவர் மேல் எவ்வளவு அன்பு இருந்தாலும் அப்படித்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

1990 இல் தீவை விட்டு ஓடினோம். ஓலைப்பெட்டி, உரல், சிமிழ், மேல்பரணில் துணியில் சுற்றிக் கட்டிய ஏடுகள் எல்லாம் அப்படியே. உடுத்த உடுப்போடு அம்மா எடுத்து வந்தது காணி உறுதியும் அந்தக் கொப்பியும். வருடங்கள் கழித்துத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பரண் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. ஏட்டுக்கு இரண்டு மாரி போதும், இது பல மாரி. வளவு முழுவதும் ஈச்சம் பற்றையும் நாயுருவியும். வேலி நின்ற கோட்டில் மட்டும் நொச்சி நின்றது, ஆள் உயரத்துக்கு மேல். வெட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போதும் நிற்கிறது. காலமை எழும்பும்போது என் முழங்கால் உளையும். ஆம், உளைகிறது, குத்தவில்லை. அம்மப்பா இருந்தால் அந்த ஒரு சொல்லுக்கு என்ன எடுத்துத் தருவார் என்று தெரியாது. அந்த நொச்சியின் இலையை அவித்துத்தான் ஒத்தணம் கொடுக்கிறேன்.

2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் நம்மவர் நூல்களையும் ஏடுகளையும் படமெடுத்து எல்லாரும் பார்க்க வைத்துக்கொண்டிருக்கிறது. ஏட்டை அவர்களிடம் கொடுத்துவிடவேண்டும் என்பதுகூட இல்லை. படம் எடுக்க விட்டால் போதும், ஏடு உங்கள் வீட்டிலேயே இருக்கும். கைதடியில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் அதை வாசிப்பார்கள். வேலணை, சரவணை, நாரந்தனை, புங்குடுதீவு, நெடுந்தீவு என்று எந்த ஊரில் எந்தப் பரியாரி வீட்டில் ஓர் ஏடோ கொப்பியோ மிஞ்சியிருந்தாலும், அது ரொறன்ரோவில் ஒரு பெட்டகத்தின் அடியில் இருந்தாலும், தயவுசெய்து வெளியே எடுங்கள். கறையான் அரித்த பக்கத்தையும் விடவேண்டாம். எழுதப்படாததைக் கேட்டு எழுதுங்கள். சரக்கின் பெயரை மட்டும் கேட்டு நிறுத்தவேண்டாம். எதில் ஊறவைத்தார்கள், எத்தனை நாள், எந்தப் பதத்தில் இறக்கினார்கள், எந்த நோவுக்கு, யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று கேளுங்கள். 'மற்றது' என்று சொன்னால் எது என்று கேளுங்கள்.

அம்மப்பா 1968 இல் இறந்தார். நான் அம்மாவிடம் அதைக் கேட்டது 1990 இல், அகதியாய்த் தங்கிய வீட்டில் கொப்பியைப் பிரித்தபோது. இருபத்திரண்டு வருடம் பிந்திவிட்டது.